விடுபட்ட எண்

(திருவருகைக் காலம் 2ஆம் வாரம், செவ்வாய்க்கிழமை. நற்செய்தி: மத்தேயு 18:12-14. வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்.)



இன்றைய நற்செய்தி நமக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. ஒருவரிடம் நூறு ஆடுகள். அவற்றில் ஒன்று வழிதவறிப் போகிறது. அவர் தொண்ணூற்றொன்பதையும் மலையில் விட்டுவிட்டு அந்த ஒன்றைத் தேடிப் போகிறார். பீடத்தின் அருகே மாட்டியிருக்கும் படத்தில், தோளில் ஆட்டுக்குட்டியோடு நிற்கும் ஆண்டவரைச் சிறுவயது முதல் பார்த்து வருகிறோம். ஆனால் இந்த உவமையில் சொல்லாமல் விட்ட ஒரு வேலை இருக்கிறது. ஒன்று குறைகிறது என்று அந்த ஆயருக்கு எப்படித் தெரிந்தது? அவர் எண்ணியிருக்கிறார். மாலையில் பட்டிக்குள் ஆடுகள் நுழையும்போது ஆயரின் கைக்குக் கீழே ஒவ்வொன்றாகக் கடந்து போவதை எரேமியா இறைவாக்கினரும் குறிப்பிடுகிறார். எண்ணாத ஆயருக்குத் தொண்ணூற்றொன்பதும் நூறும் ஒன்றுதான். தேடப் போவதற்கு முன்னால் எண்ண வேண்டியிருக்கிறது.

ஆகவே இன்று எண்ணுவதைப் பற்றியும், ஓர் எண்ணைப் பற்றியும் உங்களோடு பேச விரும்புகிறேன்.

இந்த மாதம் 22ஆம் தேதி கணித மேதை சீனிவாச ராமானுஜன் பிறந்த நாள். 1887இல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர். பள்ளிகளில் இந்த நாளைத் தேசியக் கணித நாளாகக் கொண்டாடுகிறார்கள். அவரைப் பற்றிச் சொல்லும்போது 1729 என்ற எண்ணைச் சொல்வோம். மருத்துவமனையில் படுத்திருந்த அவரைப் பார்க்கப் பேராசிரியர் ஹார்டி வந்த டாக்சியின் எண் அது. சுவையில்லாத எண்ணாக இருக்கிறதே என்று ஹார்டி சொல்ல, இல்லை, இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுதான் என்று ராமானுஜன் உடனே பதில் சொன்னார். ஒவ்வொரு முழு எண்ணும் ராமானுஜனுக்குத் தனிப்பட்ட நண்பர் என்று லிட்டில்வுட் என்ற கணித அறிஞர் வியந்தார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் இதற்குத் திரும்பி வருவேன்.

1914இல் ராமானுஜன் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனார். அதற்கு முன்பு சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக இருந்தவர். கல்லூரித் தேர்வில் தோற்றவர். கேம்பிரிட்ஜில் சேர்ந்த மறு ஆண்டே, 1915இல், லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் அறுபது பக்கங்களைத் தாண்டிய ஒரு கட்டுரையை வெளியிட்டார். அதன் பொருள், தமிழில் சொன்னால், மிகு பகு எண்கள். அதை முன்வைத்துத்தான் 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் வழங்கியது.

பயந்துவிடாதீர்கள். ஆறாம் வகுப்பில் காரணிகள் படித்தோமே, அவ்வளவுதான். 24 லட்டு இருக்கிறது என்று வையுங்கள். இரண்டு பேருக்குச் சமமாகக் கொடுக்கலாம். மூன்று பேருக்கும் கொடுக்கலாம்; நான்கு, ஆறு, எட்டு, பன்னிரண்டு பேருக்கும் மீதியில்லாமல் கொடுக்கலாம். 1, 24 ஆகிய இரண்டையும் சேர்த்தால் 24க்கு எட்டுக் காரணிகள். அதே பெட்டியில் 23 லட்டு இருந்தால் என்ன செய்வீர்கள்? ஒருவரே எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளலாம். அல்லது சரியாக 23 பேர் வந்தால் ஆளுக்கு ஒன்று கொடுக்கலாம். வேறு வழியில்லை. அதனால்தான் 23 பகா எண். 24 பகு எண். அதிலும் 24க்கு ஒரு சிறப்பு உண்டு: அதற்கு முன்னால் இருக்கும் எந்த எண்ணுக்கும் எட்டுக் காரணிகள் கிடையாது. இப்படித் தனக்கு முந்தைய எல்லா எண்களையும் விட அதிகக் காரணிகளைக் கொண்ட எண்ணைத்தான் மிகு பகு எண் என்கிறோம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60 என்று அந்த வரிசை போகிறது.

இவை நமக்கு அன்னியமானவை அல்ல. டஜனுக்குப் பன்னிரண்டு. மணிக்கு அறுபது நிமிடம். நாளுக்கு 24 மணி. மறைமலை நகரிலும் ஒரகடத்திலும் வேலை பார்ப்பவர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை: 24ஐ மூன்றாக வகுத்தால் எட்டு எட்டு மணி நேரமாக மூன்று ஷிப்ட் மீதியில்லாமல் விழுகிறது. தமிழில் பகு என்ற சொல்லும் பகிர் என்ற சொல்லும் ஒரே வேரில் முளைத்தவை. பகு எண் என்றால் பகிர்ந்துகொள்ளக்கூடிய எண். மிகு பகு எண் என்றால், யாரையும் வெறுங்கையோடு அனுப்பாமல் மிக அதிகமான வழிகளில் பகிர்ந்துகொள்ளக்கூடிய எண்.

ராமானுஜன் அந்தக் கட்டுரையில் இத்தகைய எண்களின் இயல்பை ஆராய்ந்தார். அவை எப்படிப்பட்ட பகா எண்களால் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்று நிறுவினார். கூடவே ஒரு பட்டியலும் கொடுத்தார். 2இல் தொடங்கி 13 இலக்கம் கொண்ட 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800 வரை, நூறுக்கும் மேற்பட்ட எண்கள். கணினி இல்லாத காலம். உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. குளிரும் உணவும் ஒத்துக்கொள்ளாத ஊரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கையால் கணக்கிட்டார்.

அந்தப் பட்டியலில் ஓர் எண் விடுபட்டுவிட்டது.

அந்த எண் 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. பன்னிரண்டு இலக்கம்: 293318625600. இதைப் பிரித்துப் பார்த்தால் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5 இரண்டு முறை, 7 இரண்டு முறை, பிறகு 11, 13, 17, 19 ஒவ்வொரு முறை. இவை எல்லாவற்றையும் பெருக்கினால் அந்த எண் வருகிறது. கணக்கில் ஆர்வமுள்ள பிள்ளைகள் வீட்டில் பெருக்கிப் பாருங்கள். அதன் காரணிகளை எண்ணுவதும் எளிது. ஒவ்வொரு பகா எண்ணும் எத்தனை முறை வருகிறதோ அத்துடன் ஒன்றைக் கூட்டி, எல்லாவற்றையும் பெருக்க வேண்டும்: 7 பெருக்கல் 5 பெருக்கல் 3 பெருக்கல் 3, அதை நான்கு முறை இரண்டால் பெருக்கினால் 5,040. அதாவது இந்த எண்ணை மீதியில்லாமல் 5,040 விதமாகப் பகிரலாம். வரிசையில் அதற்கு முன்னால் நிற்கும் மிகு பகு எண்ணுக்கு 4,608 காரணிகள். பின்னால் நிற்பதற்கு 5,376. இரண்டுக்கும் நடுவில் இதன் இடம் உறுதியானது. ஆனாலும் அச்சான பட்டியலில் அந்த இடத்தில் எண் இல்லை.

ஒவ்வொரு எண்ணையும் நண்பராக அறிந்திருந்தவர் என்று பெயர் பெற்ற மனிதர் ஒருவர், ஒரு நண்பரைக் கவனிக்காமல் விட்டுவிட்டார். ராமானுஜனைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. அந்தப் பட்டியலின் முன் நான் தலைவணங்குகிறேன். அவருடைய தேற்றங்களில் தவறில்லை. அவர் வகுத்த இலக்கணத்தின்படி பார்த்தாலே அந்த எண் பட்டியலுக்குள் வர வேண்டும் என்று தெரியும். கொள்கை சரியாக இருந்தது, பட்டியல்தான் குறையாக இருந்தது.

சகோதர சகோதரிகளே, இதை முதன்முதலில் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டேன். ஏனென்றால் எனக்கு என்னுடைய பட்டியல் நினைவுக்கு வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பங்கில் குடும்பக் கணக்கெடுப்பு நடத்தினோம். படிவத்தை நானே தயாரித்தேன். குடும்பத் தலைவர் பெயர், மனைவி பெயர், பிள்ளைகள், திருமுழுக்குப் பெற்ற நாள், அன்பியம், சந்தா எண் என்று எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டேன். இளைஞர்கள் தெருத் தெருவாகப் போய் நிரப்பி வந்தார்கள். கணினியில் ஏற்றி, அச்சிட்டு, பைண்டு செய்து, பங்குப் பேரவைக் கூட்டத்தில் மேசைமேல் வைத்தபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

அடுத்த சில மாதங்களில் ஒரு நாள் ஓர் இளம்பெண் அலுவலகத்துக்கு வந்தார். இராமநாதபுரம் பக்கம் கடற்கரைக் கிராமம். சீருடை, கழுத்தில் அடையாள அட்டை, கண்ணில் தூக்கம். இரவு ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தார். ஊரில் திருமணம் பேசி முடித்திருக்கிறார்கள். ஓலை வாசிக்க வேண்டும். இங்கே இரண்டு ஆண்டுகளாக இருப்பதால், இங்குள்ள பங்குத்தந்தையிடம் கடிதம் வாங்கி வரும்படி ஊர்ப் பங்குத்தந்தை சொல்லியிருக்கிறார். நான் புதிய பதிவேட்டை எடுத்துப் புரட்டினேன். மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துத் தேடினேன்.

"உன் பேரு இதுல இல்லையேம்மா. நீ எந்தப் பங்கு?" என்று கேட்டேன்.

"இந்தப் பங்குதான் சாமி" என்றார்.

"பதிவே இல்லையே. எந்த அன்பியம்?"

"ரூம்ல இருக்கிறவங்களை யாரும் சேர்க்கல சாமி. ஏழு பேரு இருக்கோம். ரெண்டு வருசமா ஞாயித்துக்கிழம காலைப் பூசைக்கு வர்றேன். டூட்டி முடிஞ்சு வர்றதால பின்வாசல் பக்கமா நிப்பேன். சாமி கையாலதான் நன்மை வாங்குறேன்."

குரலில் கோபம் இல்லை. நான் கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். எனக்குத்தான் பதில் வரவில்லை. ஏறக்குறைய நூறு ஞாயிற்றுக்கிழமைகள் இந்தக் கைகளால் அவருக்கு ஆண்டவரின் திருவுடலைக் கொடுத்திருக்கிறேன். பெயர் கேட்டதில்லை. அவர் போன பிறகு அவருடைய தெருவின் கணக்கெடுப்புத் தாளை எடுத்துப் பார்த்தேன். கீழ்வீடு: வீட்டுக்காரர் பெயர். மாடி: 'வாடகைக்கு, வேலைக்குப் போகும் பெண்கள், குடும்பம் இல்லை.' எழுதிய பையன்மேல் தவறில்லை. குடும்பத் தலைவர் பெயர் என்று முதல் கட்டத்தைப் போட்டவன் நான். அந்தக் கட்டத்துக்குள் அடங்காதவர்களை என் படிவமே வெளியே நிறுத்திவிட்டது.

குருமடத்தில் திருச்சபைச் சட்டம் படித்தவன் நான். சட்ட எண் 102 என்ன சொல்கிறது? ஒருவர் ஒரு பங்கின் எல்லைக்குள் மூன்று மாதம் தங்கும் எண்ணத்தோடு வந்தாலே, அல்லது மூன்று மாதம் தங்கிவிட்டாலே, அங்கே அவருக்கு உறைவிட உரிமை வந்துவிடுகிறது. அதனால் அந்தப் பங்கின் தந்தை அவருக்கும் தந்தை என்கிறது சட்ட எண் 107. பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும் என்று அங்கே நிபந்தனை இல்லை. சட்ட எண் 529 பங்குத்தந்தையின் கடமையைச் சொல்லும்போது, வறியோரையும் தனித்திருப்போரையும் சொந்த நாட்டை விட்டு வந்தோரையும் சிறப்பான அக்கறையோடு தேடிச் செல்லச் சொல்கிறது. அப்படியானால் அந்தப் பெண் வந்து சேர்ந்த மூன்றாம் மாதத்திலிருந்தே என் பங்குப் பிள்ளை. "நீ எந்தப் பங்கு" என்று நான் கேட்டிருக்கவே கூடாது. கொள்கை சரியாக இருந்தது. என் பட்டியல்தான் குறையாக இருந்தது.

ராமானுஜனின் விடுபட்ட எண் இங்கேதான் எனக்கு மறையுரை சொல்கிறது. பட்டியலில் அச்சாகாததால் அந்த எண்ணின் 5,040 காரணிகளில் ஒன்றாவது குறைந்ததா? குறையவில்லை. பட்டியல் ஓர் எண்ணைப் படைப்பதில்லை. எண் ஏற்கெனவே இருக்கிறது, தன் இயல்போடு, தன் இடத்தில். பட்டியல் அதைக் கண்டுகொள்கிறது, அல்லது கண்டுகொள்ளத் தவறுகிறது. திருமுழுக்கில் கடவுள் பெயர் சொல்லி அழைத்த மகளை நம் பதிவேடு படைப்பதில்லை. விடுபட்டபோது குறை அவளிடம் இல்லை, ஏட்டிடம்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எந்த எண் விடுபட்டது? பகிர்ந்துகொள்ள 5,040 வழி வைத்திருந்த எண். நம் ஊர்களிலும் அப்படித்தான். மாடி அறையில் ஏழு பேராகத் தங்கி, சம்பளத்தில் பெரும்பகுதியை ஊருக்கு அனுப்பி, தம்பிக்குக் கல்லூரிக் கட்டணம், அப்பாவுக்கு மருந்து, வீட்டுக்குக் கூரை என்று பகுத்துப் பகுத்துக் கொடுப்பவர்கள்தான் நம் கணக்கில் 'குடும்பம் இல்லை' என்று எழுதப்படுகிறார்கள்.

அன்புக்குரியவர்களே, எண்ணுவதில் இரண்டு விதம் இருக்கிறது. தாவீது அரசர் மக்கள் தொகையைக் கணக்கெடுத்தார். தன் பலம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள எண்ணினார். அது பாவமாயிற்று என்று சாமுவேல் இரண்டாம் நூலின் கடைசி அதிகாரம் சொல்கிறது. நற்செய்தியின் ஆயர் எண்ணுவது இருப்பவர்களைக் காட்டிப் பெருமைப்பட அல்ல, இல்லாதது யார் என்று தெரிந்துகொள்ள. என் பைண்டு செய்த பதிவேடு எந்த வகை என்று அன்று இரவு என்னையே கேட்டுக்கொண்டேன்.

நம் பகுதித் தொழிற்சாலைகளைப் பாருங்கள். உற்பத்தி வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தால் ஐந்து நிமிடத்தில் சூப்பர்வைசர் வந்து, யார் வரவில்லை என்று கேட்பார். ஒரு கை இல்லாவிட்டால் வரிசை நின்றுவிடும். நம் கோவிலில் ஒருவர் இரண்டு ஆண்டுகள் நின்றும் நமக்குத் தெரியவில்லை. அவர் ஒரு ஞாயிறு வராமல் போயிருந்தால்? தெரிந்திருக்காது. எண்ணாதவரைத் தேடவும் முடியாது.

வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கக்கூடிய விடுதி 2024இல் திறக்கப்பட்டதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியாகத் திருப்பெரும்புதூர் வரை எத்தனை மாடி அறைகள், எத்தனை கம்பெனிப் பேருந்துகள்! தென்மாவட்டப் பிள்ளைகள், ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். நம் மொழி தெரியாவிட்டாலும் அவர்களில் பலருக்குச் சிலுவை அடையாளம் தெரியும்.

நாங்கள் என்ன செய்தோம்? பெரிதாக ஒன்றுமில்லை. படிவத்தின் முதல் கட்டத்தை மாற்றினோம். 'குடும்பத் தலைவர்' என்பதற்குப் பதிலாக 'இங்கே தங்கியிருப்பவர்கள்' என்று போட்டு, மறுபடி போனோம். இம்முறை மாடிப்படியும் ஏறினோம். முதல் தெருவிலேயே முன்பு விடுபட்ட அறைகள் கிடைத்தன. ஒரு வீட்டுக்கார அம்மா, "மேல இருக்கிற பிள்ளைங்க நம்ம வேதமா? தெரியாமப் போச்சே ஃபாதர்" என்று கண் கலங்கினார். அந்தப் பெண்ணுக்குக் கடிதம் கொடுத்தேன். ஓலை வாசித்தார்கள், திருமணம் நடந்தது, வேறு ஊருக்குப் போய்விட்டார். இன்று அவர் எந்தக் கோவிலின் பின்வாசலில் நிற்கிறாரோ! அங்கே இருக்கும் பங்குத்தந்தை இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், ஐயா, தயவுசெய்து பெயர் கேளுங்கள்.

நாளைய திருப்பலியில் எசாயா நூலின் 40ஆம் அதிகாரத்திலிருந்து வாசகம் வருகிறது. விண்மீன்களை எண்ணி வெளியே கொணர்பவர், ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அழைப்பவர், அவற்றில் ஒன்றும் குறையாமல் காப்பவர் நம் ஆண்டவர் என்று இறைவாக்கினர் பாடுகிறார். ராமானுஜனிடம் ஓர் எண் விடுபடலாம். பங்குத்தந்தையிடம் ஒரு பெயர் விடுபடலாம். அந்த ஏட்டில் மட்டும் ஒன்றும் விடுபடாது. நமக்கு அது ஆறுதல். பதிவேடு வைத்திருப்பவர்களுக்கு அதுவே எச்சரிக்கையும் கூட.

இன்னும் சில நாளில் கிறிஸ்து பிறப்பு விழா. லூக்கா நற்செய்தியாளர் அந்த நிகழ்வை ஒரு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்துதான் தொடங்குகிறார். பெயரைப் பதிவு செய்யச் சொந்த ஊர் விட்டு வந்த ஓர் இளம் தம்பதி. தங்க இடம் இல்லை. பேரரசரின் கணக்கெடுப்பு அவர்களை அங்கே வரவழைத்தது, ஊர் அவர்களைக் கண்டுகொள்ளவில்லை. வாடகை அறை தேடி அலைந்தவர்களிடம்தான் மீட்பர் பிறந்தார்.

ஆகவே இந்தத் திருவருகைக் காலத்தில் ஒரு சிறிய வேலையை உங்களிடம் ஒப்படைக்கிறேன். குடில் கட்டும் முன் உங்கள் தெருவை ஒருமுறை எண்ணுங்கள். மாடியில், பின்கட்டில், விடுதியில் யார் இருக்கிறார்கள்? பெயர் என்ன? எந்த ஊர்? கிறிஸ்துமஸ் இரவில் அவர்களுக்கு ஷிப்ட் இருக்கிறதா? இருந்தால் திரும்பி வரும்போது சாப்பிட என்ன இருக்கும்? கிறிஸ்தவர்களா இல்லையா என்பது முதல் கேள்வியாக இருக்க வேண்டாம். சிறியோருள் ஒருவரும் தவறிப்போகக் கூடாது என்பதே தந்தையின் விருப்பம் என்கிறார் இயேசு. அந்தச் சிறியோர் யார் யார் என்று அவர் பட்டியல் போடவில்லை.

முடிக்கும் முன் ராமானுஜனின் ஏட்டை இன்னொரு முறை திறக்கிறேன். அவருடைய பட்டியலின் கடைசி எண்ணைச் சொன்னேன் அல்லவா, 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. அந்த மிகப் பெரிய எண்ணை 23ஆல் வகுத்துப் பாருங்கள். கிடைப்பது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. விடுபட்ட அதே எண். பட்டியலின் உச்சியில் நின்ற எண், பட்டியலில் இல்லாத எண்ணைத் தனக்குள் சுமந்துகொண்டிருந்தது. நாம் பெயர் எழுத மறந்தவர்கள் நமக்குள்ளேதான் இருக்கிறார்கள். அவர்களுடைய உழைப்பின்மேல்தான் நம் ஊர் நிற்கிறது, நம் கோவிலும் நிற்கிறது.

செபிப்போம். நல்லாயனாம் ஆண்டவரே, விண்மீன்களை எண்ணும் உமக்கு எங்கள் தெருக்களின் மாடி அறைகளும் தெரியும். நாங்கள் எண்ணாமல் விட்டவர்களை மன்னிப்புக் கேட்டுத் தேடிப் போகும் மனதை எங்களுக்குத் தாரும். உம் பிறப்பு விழாவில் உம் பந்தியைச் சுற்றி ஒருவரும் குறையாதிருக்கச் செய்தருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.